வேகாவனத்து வழியில்

ஓமந்தையைத் தாண்டியதும் ஏ-9 வீதியின் மேற்குக் கரை கறுத்துக் கிடந்தது. ஆவணி மாதக் கடைசி. வைகாசியில் எழும்பிய சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்திருந்த கினிப்புல் எரிந்துபோய், அடிக்கட்டைகள் மட்டும் கரியாக நின்றன. கிலோமீற்றர் கல்லின் வெள்ளைப் பூச்சில் புகை படிந்திருந்தது. ஆனால் வீதியிலிருந்து முப்பது நாற்பது அடி உள்ளே, காடு தொடங்குகிற இடத்தில், நெருப்பு நின்றுவிட்டது. அங்கே பாலையும் வீரையும் கோடை தொடாத பச்சையில் நின்றன.

வாகனம் ஓட்டியவர் அந்தப் பக்கத்து அண்ணை ஒருவர். என்னோடு வந்தவன் கனடாவில் குடியேறிப் பல வருடங்களாகிவிட்ட மச்சான். எரிந்த கரையைப் பார்த்ததும் அவன்தான் கேட்டான்.

“இது மின்னல் விழுந்து பத்தின நெருப்போ அண்ணை?”

“ஆவணியிலை ஏது தம்பி மின்னல்? ஆரோ மாட்டுக்காரர் பத்த வைச்சிருப்பினம். இல்லாட்டி பஸ்ஸிலை போனவன் சிகரெட்டை எறிஞ்சிருப்பான்.”

இருவரும் தாங்கள் அறிந்த காட்டை வைத்துத்தான் பேசினார்கள். மச்சான் வாழ்கிற நாட்டில் பெருங்காட்டை எரிப்பது மின்னல். 2023 ஜூன் தொடக்கத்தில் கியூபெக் மாகாணத்தில் ஓர் இடிப்புயல் நூற்றுக்கு மேற்பட்ட தீக்களை மூட்டிவிட்டுப் போனது. அந்த மாதம் ரொறன்ரோவின் வானம் புகைமூடிக் கிடந்ததையும், பிள்ளைகளைப் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாட விடாததையும் அவன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த ஆண்டு கனடாவில் எரிந்த காடு சுமார் 1.5 கோடி ஹெக்டேயர். எங்கள் தீவு முழுவதுமே 65,610 சதுர கிலோமீற்றர், ஏறத்தாழ 65 லட்சம் ஹெக்டேயர்தான். இலங்கையை இரண்டு தடவை முழுதாக எரித்தாலும் அந்தக் கணக்கு வராது.

அவ்வளவு பெரிய எரிவுக்கும் அங்குள்ள காடு பழகியிருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. வட கனடாவில் பரந்து நிற்கும் ஜாக் பைன் மரத்தின் காய் பிசினால் இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் மரத்திலேயே மூடிக் கிடக்கும். தீ வந்து பிசினை உருக்கினால்தான் செதில்கள் விரிந்து விதை கொட்டும். கொட்டிய விதைக்குச் சாம்பல் படிந்த மண்ணும், மேலே தடுப்பில்லாத வெயிலும் கிடைக்கும். அமெரிக்காவின் மேற்கில் உள்ள லொட்ஜ்போல் பைனிலும் இப்படி மூடிய காய் உண்டு. தாய்மரம் எரிந்து சாகிற அதே தீயில் பிள்ளைமரத்துக்கு வழி திறக்கிறது.

அதனால் அந்த நாடுகளில் மின்னல் மூட்டிய தீயை எல்லா இடத்திலும் ஓடிப்போய் அணைப்பதில்லை. ஊருக்குக் கிட்டவா, தூரவா, காற்று எந்தப் பக்கம், அடுத்த வாரம் மழை உண்டா என்று பார்ப்பார்கள். ஆள் குடியிருப்பு இல்லாத வடக்குப் பகுதியென்றால் விமானத்திலிருந்து கண்காணித்தபடி எரிய விடுவார்கள். ஆறு, ஏரி, முன்னர் எரிந்த பழைய தழும்பு இவற்றை வேலியாக வைத்து, தீ எதுவரை போகலாம் என்று தீர்மானிப்பார்கள். தேவையான இடத்தில் தாங்களே ஓர் எதிர்த்தீயை மூட்டி, பெருந்தீ வந்து சேருமுன் அதற்கான விறகை எரித்து முடிப்பார்கள். இதில் பிசகும் நடக்கும். யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1972 முதல் மின்னல் தீயை அப்படி எரிய விட்டு வந்தார்கள். 1988 கோடையில் மழை பொய்த்தது. பூங்காவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் தீ பரவியது. அந்தக் கோடை முழுவதும் சுமார் 25,000 பேர் போராடினார்கள், 12 கோடி டொலர் செலவானது. கடைசியில் அதைத் தணித்தது செப்டெம்பர் 11இல் விழுந்த மழையும் பனியும். அடுத்த ஆண்டே எரிந்த நிலத்தில் பைன் கன்றுகள் முளைக்கத் தொடங்கின.

வன்னியின் மின்னல் வேறு. அது மழையோடு வருகிறது. பங்குனி, சித்திரையில் பின்னேரத்து இடிமழை. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பெருமழைக்கு முன்னோடியாக வருகிற இடி. காடு சருகாகக் காய்ந்து கிடக்கிற ஆடி ஆவணியில் வானத்தில் மழைமுகிலைக் காண்பது அரிது. மின்னல் இறங்குகிற காலத்தில் மண் நனைந்திருக்கும். ஒரு மரத்தில் பற்றினாலும் பின்னாலேயே வருகிற மழை அதை அணைத்துவிடும். வன்னியில் மின்னல் எரிப்பது பெரும்பாலும் தனிப் பனையைத்தான். உச்சியில் விழுந்தால் குருத்தின் சாறு ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும், காவோலை பந்தமாக எரியும், பிறகு மரம் வட்டின்றி மொட்டையாக நிற்கும். பரந்தனுக்கு வடக்கே, ஆனையிறவு, பளை, முகமாலைப் பக்கம் போனவர்களுக்கு மொட்டைப் பனைகள் புதிதல்ல. அவற்றில் பலவற்றின் தலையைக் கொய்தது மின்னல் அல்ல, எறிகணை. உடலில் சன்னத் துளைகள் இருந்தால் அது போரின் மரம். உச்சியிலிருந்து அடிவரை பட்டை நீளக் கிழிந்திருந்தால் அது மின்னலின் மரம். இந்த அடையாளத்தை அண்ணை வாகனத்தை நிறுத்தாமலே சொன்னார்.

புளியங்குளத்தில் ஏ-9 ஐ விட்டு நெடுங்கேணி வீதிக்குத் திரும்பினோம். இந்த வீதியில் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். ஒரு தடவையாவது வாகனத்தை நிறுத்தி இறங்குங்கள். பாதுகாப்பான, கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று ஊரவர்களிடம் விசாரித்துக்கொண்டு, காட்டின் விளிம்பிலிருந்து சிறிது தூரம் உள்ளே நடந்து பாருங்கள். நாங்கள் அப்படி நடந்தோம். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே முதலில் வருவது உண்ணிப்பற்றையும் காய்ந்த கினிப்புல்லும். கால் வைத்தால் நொறுங்கும், ஒரு தீக்குச்சி போதும். அதைத் தாண்டினால் ஒளி குறைகிறது. மேலே வீரை, பாலை, முதிரை, கருங்காலி. இலை சிறிது, தடித்தது. முதிரை போன்ற சில மரங்கள் இலை கொட்டினாலும் பக்கத்து மரம் கொட்டுவதில்லை. ஆகவே கூரை முற்றாகத் திறப்பதில்லை. நிழலில் புல் முளைக்காது. நிலத்தில் சருகு இருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மேல் இலைகள் மொரமொரத்தன. அதற்குக் கீழ் ஈரம், கறையான் தின்ற பொடி, மண் நிறத்தில் ஒரு சிறு பூரான். விரல் நுனியில் குளிர் தெரிந்தது. மாதக்கணக்கில் மழை கண்டிராத காட்டில் இந்த ஈரம் இருந்தது.

ஓமந்தையில் நெருப்பை நிறுத்தியது இதுதான். தீக்கு விறகும் வெப்பமும் காற்றும் வேண்டும். மூடிய காட்டில் காற்று நுழையாது, புல் இல்லை, சருகின் அடி நனைந்திருக்கிறது. வெளியே ஓடி வந்த தீ இங்கே வந்ததும் தலை குனிந்து ஊர்ந்து அணைந்துவிடுகிறது. இந்தக் காட்டை முதலில் கோடரி திறக்க வேண்டும், அதன் பிறகுதான் நெருப்பு நுழையும். களவாக முதிரையும் பாலையும் தறித்த இடங்களில் கூரை திறக்கிறது, வெயில் விழுகிறது, கினிப்புல் வருகிறது, அடுத்த கோடையில் நெருப்பு வருகிறது. எரிந்த இடத்தில் மறுபடி புல்தான் முந்தி முளைக்கும். பாலைக்குத் தீயில் திறக்கிற காய் இல்லை. அதன் மஞ்சள் பழத்தைக் கரடியும் குரங்கும் பறவையும் தின்று விதையைப் பரப்ப வேண்டும். முளைத்தாலும் மிக மெதுவாகத்தான் மரமாகும். பைன் காட்டுக்குப் பொருந்துகிற ‘எரிய விடு’ என்ற யோசனையை வன்னிக்குக் கொண்டுவருகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காட்டுத்தீ இயற்கைதானே என்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே அது இயற்கை அல்ல.

நெடுங்கேணி தாண்டி ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் வாகனம் நின்றதும் மச்சான் சப்பாத்தைக் கழற்றினான். அவனது அம்மா சொல்லியனுப்பிய நேர்த்தி ஒன்று இருந்தது. கோயிலின் தலவரலாறே ஒரு தீயின் கதை. முன்னொரு காலத்தில் ஒரு விவசாயி காடு வெட்டிக் குரக்கன் விதைத்தார். அறுவடைக்குப் பிறகு எஞ்சிய ஒட்டுக்களைச் சுட்டார். எல்லாம் எரிந்தும் ஓரிடம் மட்டும் வேகவில்லை. மண்வெட்டியால் வெட்டியபோது இரத்தம் பெருகியது, அங்கே லிங்கம் இருந்தது. ஊருக்கு ஒட்டுசுட்டான் என்றும், இறைவனுக்கு வேகாவனப் பெருமான் என்றும் பெயர் வந்தது அதனால் என்பார்கள். நான் அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டவன். ஆனால் நெடுங்கேணிக் காட்டில் அந்த ஈரச் சருகை அள்ளிய கையோடு கேட்டபோது, காட்டைச் சுட்டுப் பயிர் செய்த ஒரு சனம், சுடக்கூடாத இடம் ஒன்றும் உண்டு என்று தங்களுக்கே விதித்துக்கொண்ட கதையாக அது எனக்குப் பட்டது.

இப்படிக் காடு சுட்டுச் செய்கிற சேனைப் பயிரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆடியில் வெட்டி, காயவிட்டு, முதல் மழைக்கு முன்னர் சுடுவார்கள். சுடுவதற்கு முன் நான்கு பக்கமும் சருகைக் கூட்டி வெறும் மண் தெரிகிற ஓர் ஓடை எடுப்பார்கள். காற்று விழுந்த நேரத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கமிருந்து நெருப்பு வைப்பார்கள். சுற்றிவர ஆட்கள் பச்சைக் குழையோடு நிற்பார்கள். வெளிநாட்டுத் தீயணைப்பாளர் பயிற்சிக் கூடத்தில் படிக்கிற பாடங்களில் பாதி இதில் இருக்கிறது. ஒருவரே இரவோடிரவாக, பிடிபடுவோமோ என்ற பயத்தில், ஓடை எடுக்காமல் பற்ற வைத்துவிட்டு ஓடுகிறபோதுதான் சேனைத்தீ காட்டுத்தீயாகிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு வீதியில், முள்ளியவளைக்குக் கிட்டத் தேக்கங்காடு வருகிறது. மலைநாட்டில் நடப்பட்ட பைனுக்கு வன்னியில் மிக நெருங்கிய உறவு தேக்குத்தான். இரண்டும் மனிதர் வரிசையாக நட்டவை, இரண்டும் நிலத்தில் விறகு பரப்புகிறவை. கோடையில் தேக்கு தன் பெரிய இலைகளைக் கொட்டிவிட்டு நிற்கும். கூரை முழுவதும் திறந்துவிடும். முறம் அகல இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து காய்கின்றன. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். முற்றிய தேக்கின் பட்டை தரைத்தீயைத் தாங்கும். கன்றுகள் தாங்காது, அடியோடு கருகி மறுபடி துளிர்க்கும். வருடா வருடம் தீ வந்தால் துளிர்த்ததும் கருகும்.

அந்தக் காட்டோரத்தில்தான் அந்த ஐயாவைச் சந்தித்தோம். வீதிக்கும் தேக்குக்கும் நடுவில் வாருகோல் ஒன்றால் சருகைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். வாருகோல் அவரே செய்தது. நீண்ட கம்பு, நுனியில் சட்டமும் அதில் அடித்த ஆணிகளும். இரண்டு பாகம் அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது, கோடு அவர் வளவின் வேலிவரை நீண்டிருந்தது. கொட்டிலுக்குக் கூப்பிட்டுப் பிளேன்டீ தந்தார். பேச்சில் மலைநாடு தெரிந்தது. பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் ஏராளம். காடு வெட்டி, கிணறு தோண்டி, கிளிநொச்சியையும் வவுனியாவையும் விளைய வைத்ததில் அவர்களின் உழைப்புக்கு இன்னமும் உரிய மரியாதை கிடைக்கவில்லை.

மச்சான் கனடாப் பைன் பற்றிச் சொன்னதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பைனஸா? நான் நட்டிருக்கேன் தம்பி. இளந்தாரியா இருக்கையில நாள் சம்பளத்துக்குக் கன்னு தூக்கிட்டு மலை ஏறுவோம். மானாப்புல்லு மலை முழுக்க நட்டோம்.”

1970களிலிருந்து மலைநாட்டின் கைவிட்ட தேயிலைச் சரிவுகளிலும் புல்மலைகளிலும் கரிபியன் பைன் நடப்பட்டது. மண்ணரிப்பைத் தடுக்கவும் மரத்துக்காகவும். அந்த ஊசியிலை லேசில் உக்காது. மெத்தை மெத்தையாகச் சேர்ந்து கிடக்கும், அதில் பிசினும் உண்டு. ஊவாவில் ஆடி ஆவணிக் காற்றில் பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளைப் பக்கச் சரிவுகள் அடிக்கடி பற்றி எரிவது அதனால்தான். பற்ற வைப்பது அங்கேயும் மின்னல் இல்லை, மனிதக் கைதான். ஐயா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு தீயைப் பார்த்தாராம்.

“மேல நோக்கி நெருப்பு ஓடும்ங்க. மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது. நாங்க கீழ நின்னா தப்பிச்சோம்னு நெனைச்சோம். பைனஸ் காயி நெருப்போட உருண்டு நம்ம காலடிக்கே வருது. விழுந்த எடத்துல புதுசாப் பத்துது.”

சரிவில் தீ மேல்நோக்கி ஓடுவதன் காரணம் எளிது. சுவாலை சாய்ந்து மேலேயுள்ள விறகை முன்கூட்டியே சுடவைத்துக் காயவைக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் அப்படியான ஒரு தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது தமிழர் யாருக்கும் மறக்காது. தட்டை நிலமான வன்னியில் அந்த ஆபத்துக் குறைவு. இங்கே தீயை ஓட்டுவது சோளகம். காற்று விழும் மாலையில் தீயும் படுக்கும். கூடிநின்று குழையால் அடித்து அணைக்க அதுதான் நேரம்.

அணைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை ஐயா காட்டினார். ஆடியில் எரிந்த ஒரு துண்டு பக்கத்திலேயே இருந்தது. விழுந்து கிடந்த பாலைக் கட்டை ஒன்றின் வயிறு வெந்து குடைந்திருந்தது. வெளியே சாம்பல், உள்ளே பல நாள் கனல் இருந்ததாம். அவர் உள்ளங்கையால் தொடவில்லை. புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்து, மெல்ல இறக்கி, கடைசியில்தான் தொட்டார். “உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும், சூடு தெரியாது. இதுக்குத்தான் தெரியும்.” சூடு தெரிந்தால் கட்டையைப் புரட்டி மண் போட்டு மூட வேண்டும். ஒரு கட்டையைப் புரட்டாமல் விட்டதால் மறுநாட் காற்றில் மறுபடியும் எரிந்த இடங்களை அவர் கண்டிருக்கிறார். கனடாத் தீயணைப்பாளர்களும் இப்படித்தான் கையால் தடவிப் பார்ப்பார்கள் என்று மச்சான் சொன்னபோது ஐயாவுக்கு முகம் மலர்ந்தது.

போர் முடிந்த கையோடு தீயணைக்க யாரும் காட்டுக்குள் போனதில்லை என்றார் அண்ணை. எரிகிற காட்டுக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்கும், சனம் வீதியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்றும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் நெருப்புப் போனால் அதை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே ‘எரிய விடு’ என்பது அறிவியல் முடிவாக இல்லாமல் போரின் மிச்சமாக வந்து சேர்ந்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றம். ஆனால் போருக்குப் பின்னர் திரும்பி வந்த பல குடும்பங்கள் தங்கள் பழைய வயலும் மேய்ச்சலும் காடாகக் குறிக்கப்பட்டு எல்லைக்கல் நாட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அந்த மனத்தாங்கல் தீராத ஊரில், காடு எரிகிறது என்று தெரிந்தால் ஓடிவந்து சொல்ல எவருக்கு மனம் வரும்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அழைத்தாலும் தண்ணீர் பவுசர் வந்து சேருமுன் தீ முடிந்துவிடும். முதல் அரை மணி நேரத்தில் நிற்கக்கூடியவர் காட்டோரத்து வீட்டுக்காரர் மட்டுமே. அவருக்கு மேய்ச்சலில் உரிமையும், ஆனியில் ஓடை எடுக்கக் கூலியும், கையில் வாருகோலும் வேண்டும். குற்றவாளியாகப் பார்க்கப்படுகிற வரை அவர் வரமாட்டார், வராததில் தவறும் இல்லை.

ஐயாவின் கொட்டிலுக்குப் பின்னால், பழைய பால்மாப் பைகளில் கன்றுகள் நின்றன. வீரை, நாவல், சில பாலை. தேக்குக்கும் தன் வளவுக்கும் நடுவில், கூட்டிய ஓடைக்குப் பக்கத்தில் நடப்போகிறாராம். வெறும் மண்ணை வருடா வருடம் கூட்ட வேண்டும், பச்சை மரம் நின்றால் புல்லே வராது என்பது அவர் கணக்கு. சிங்கராஜ வனத்தின் எல்லையில் நட்டிருந்த பைன்களுக்கு இடையே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால், சாவித்திரி குணதிலக்க தம்பதியரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் 1990களில் அந்த மழைக்காட்டின் சொந்த மரங்களை நட்டுப் பைன் தோட்டத்தைக் காடாக மாற்றிக் காட்டியதை நான் சொன்னேன். அங்கே மழை அதிகம், இங்கே கன்று பிழைக்க முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் ஐயா. கிணறு எவ்வளவு தூரம் என்று மச்சான் கேட்டான். வேலியோரம்தான், ஆனால் புரட்டாதியில் வற்றும். குழாய்க்கிணறு அடிக்க எவ்வளவு வரும் என்று இருவரும் தரையில் குச்சியால் எழுதிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணை முள்ளியவளையில் தனக்குத் தெரிந்த கிணறு அடிப்பவர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார்.